சக்கைச் சாற்றில் கரி: எதை எடுக்கும், எதை விடும்

கரும்புச் சக்கையை நீர்த்த கந்தக அமிலத்தில் வேகவைத்து வடித்த சாற்றில் ஈஸ்ட்டை விட்டால் பல சமயம் அது அசையவே அசையாது. சைலோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது, நைட்ரஜன் சேர்த்தாயிற்று, பிஎச்சும் (அமில-கார அளவும்) சரி. ஆனாலும் 24 மணி நேரம் கழித்துப் பார்த்தால் சர்க்கரை அப்படியே நிற்கிறது. சாற்றில் ஈஸ்ட்டை முடக்கும் பொருள்களை எடுக்க உடனே எல்லோரும் தேடுவது ஆக்டிவேட்டட் கார்பனை, அதாவது துளைகள் நிறைந்த செயலூட்டிய கரியை. 2.5 சதவீதம் போடு, கலக்கு, வடிகட்டு என்ற ஒற்றை வரிச் செய்முறை வாய்வழியாகவே பரவியிருக்கிறது.

அந்த வரி தவறில்லை. பிரேசிலின் லொரேனா பொறியியல் கல்லூரியில் சக்கைச் சாற்றிலிருந்து சைலிட்டால் என்ற இனிப்பூட்டியை எடுக்கும் பணி பல ஆண்டுகளாக நடந்தது. கேண்டிடா கில்லியர்மாண்டை எஃப்டிஐ 20037 என்ற ஈஸ்ட்டுக்காக அங்கே உருவான முறையில் வரும் அளவுதான் இந்த 2.5 சதவீதம். ஆனால் அது அந்தச் சாற்றுக்கும் அந்தக் கரிக்கும் பொருந்திய எண். உங்கள் சாற்றில் ஈஸ்ட்டை முடக்குவது எது என்று தெரியாமல் அதே எண்ணைப் பிடித்துக்கொண்டால், கரி எடுக்க முடியாத ஒன்றை எடுக்கச் சொல்லி மேலும் மேலும் கொட்டிக்கொண்டிருப்பீர்கள். கடைசியில் சர்க்கரைதான் குறையும்.

முதலில் சாற்றில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். சைலோஸ் போன்ற ஐந்து கார்பன் சர்க்கரைகள் சூட்டிலும் அமிலத்திலும் சிதைந்து ஃபர்ஃபியூரால் ஆகின்றன. குளுக்கோஸ் சிதைந்தால் ஹைட்ராக்சிமெத்தில் ஃபர்ஃபியூரால், சுருக்கமாக எச்எம்எஃப். அதுவும் மேலே சிதைந்து லெவுலினிக் அமிலமும் ஃபார்மிக் அமிலமும் தரும். சக்கையில் சைலோஸ் தரும் பகுதியான ஹெமிசெல்லுலோஸில் ஒட்டியிருக்கும் அசிட்டைல் தொகுதிகள் பிரிந்து அசிட்டிக் அமிலம் ஆகின்றன. நாரை இறுக்கிப் பிடிக்கும் லிக்னினிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள பிணைப்புகளிலிருந்தும் ஃபீனாலிக் சேர்மங்கள் வருகின்றன: வனிலின், சிரிங்கால்டிஹைடு, ஃபெருலிக் அமிலம், பாரா-கூமாரிக் அமிலம். கடைசி இரண்டும் புல் இனத் தாவரங்களில் அதிகம், கரும்பும் புல்தான். பாத்திரம் அரித்தால் இரும்பும் குரோமியமும் நிக்கலும் கூடச் சேரும்.

கரிக்குத் தண்ணீரை விரும்பாத மூலக்கூறுதான் பிடிக்கும். அதிலும் வளையம் உள்ளது என்றால் இன்னும் பிடிக்கும். அதனால் ஃபீனாலிக் சேர்மங்கள் முதலில் ஒட்டும், அடுத்து ஃபர்ஃபியூரால், அதற்குப் பின்னால் எச்எம்எஃப். அசிட்டிக் அமிலம் வெகுதூரம் பின்தங்கும். சைலோஸும் குளுக்கோஸும் தண்ணீரோடு ஒட்டி உறவாடுபவை, கரியில் மிகக் குறைவாகவே ஒட்டும். இந்த வரிசை இருப்பதால்தான் இந்த முறையே வேலை செய்கிறது. உலோக அயனிகளைப் பொறுத்தவரை கரியை நம்பவே வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு, பலரும் இதில்தான் இடறுகிறார்கள். சைலோஸ் தனித்தனியாகப் பிரியாமல் இரண்டு, மூன்று, நான்காகக் கோத்த சங்கிலியாக இருந்தால் கரி அதைப் பிடிக்கும். சங்கிலி நீள நீளப் பிடியும் இறுகும். சைலோ-ஆலிகோசாக்கரைடுகளைத் தரம் பிரிக்கவே கரியைப் பயன்படுத்துவது உண்டு. எனவே அமிலமே சேர்க்காமல் சுடுநீரில் மட்டும் வேகவைத்த சாற்றில் கரியைப் போட்டால் சர்க்கரை கணிசமாகப் போய்விடும். அமிலம் சேர்த்து ஒற்றைச் சர்க்கரையாக உடைத்த பிறகுதான் கரி.

அசிட்டிக் அமிலத்துக்கு வருவோம். இதன் பிகேஏ, அதாவது பாதி அயனியாகப் பிரியும் பிஎச், 4.76. பிஎச் 5.5-இல் சுமார் 85 சதவீதம் அயனியாகப் பிரிந்திருக்கும், அயனியைக் கரி கண்டுகொள்ளாது. பிஎச் 2-இல் ஏறக்குறைய முழுவதும் பிரியாமல் இருந்தாலும் பிடிப்பு பலவீனம்தான். ஆனால் ஈஸ்ட்டின் சவ்வைத் தாண்டி உள்ளே போய்க் கெடுப்பதும் பிரியாத பகுதிதான். இதைத் தெரிந்துகொண்டால் வழி தானே கிடைக்கும். லிட்டருக்கு 3 கிராம் அசிட்டிக் அமிலம் உள்ள சாற்றில் பிஎச் 5.0 என்றால் பிரியாத பகுதி சுமார் 1.1 கிராம். 5.5-இல் அது 0.46 கிராம், 6.0-இல் 0.16 கிராம். நொதித்தலின் பிஎச்சை ஒரு அலகு உயர்த்தினால் கிடைக்கும் நிவாரணம் எத்தனை கிலோ கரி போட்டாலும் கிடைக்காது. உங்கள் ஈஸ்ட் தாங்கும் உயர்ந்த பிஎச் எது என்று பார்த்து அங்கே நிறுத்துங்கள்.

ஃபர்ஃபியூராலுக்கும் கரிக்கு முன்பே ஒரு மலிவான வழி இருக்கிறது. அது நீராவியோடு எளிதாகப் போய்விடும். சாற்றை வெற்றிடத்தில் 70 டிகிரியில் சுண்டவைத்தால் ஃபர்ஃபியூராலின் பெரும்பகுதி ஆவியோடு வெளியேறும். எச்எம்எஃப் போகாது, ஃபீனாலிக் சேர்மங்களும் போகா. அவை சர்க்கரையோடு சேர்ந்து செறிவாகும். அசிட்டிக் அமிலத்தில் ஒரு பகுதி போகும், மீதி தங்கும். ஆக, எப்படியும் சுண்டவைக்கப் போகிறீர்கள் என்றால் கரிக்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள். கரியின் சுமை குறையும். செறிந்த கரைசலிலிருந்து ஒரு கிராம் கரி எடுக்கும் அளவும் கூடும். சாறு கொஞ்சம் பிசுபிசுப்பாகி வடிகட்டுதல் மெதுவாகும் என்பதுதான் இதற்குக் கொடுக்கும் விலை.

இனி செய்முறை. உலர்ந்த சக்கை 100 கிராமுக்கு 1 லிட்டர் தண்ணீரும் 10 கிராம் கந்தக அமிலமும். 98 சதவீத அமிலம் என்றால் சுமார் 5.5 மில்லி. தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 20 நிமிடம். பிழிந்து வடித்த சாற்றை வெற்றிடத்தில் மூன்றில் ஒரு பங்காகச் சுண்டவைக்கலாம். இப்போது அமிலமும் மூன்று மடங்கு செறிவாகியிருக்கும், ஏறக்குறைய லிட்டருக்கு 30 கிராம். அதைச் சமன்செய்யக் கணக்குப்படி 17 கிராம் கால்சியம் ஆக்சைடு வேண்டும், அதில் விளையும் ஜிப்சம் 50 கிராமைத் தாண்டும். சுண்ணாம்பைப் பொடியாக அள்ளிப் போடாமல் தண்ணீரில் கரைத்துப் பாலாக, கலக்கிக்கொண்டே சிறிது சிறிதாகச் சேருங்கள். பொடி விழுந்த இடத்தில் பிஎச் சட்டென்று ஏறி, சூடும் சேர்ந்து, சர்க்கரை பழுப்பாகும்.

பிஎச் 7 வந்ததும் நிறுத்தி ஜிப்சத்தை வடிகட்டிவிடுங்கள். இதைத் தள்ளிப்போட்டு ஜிப்சத்தோடு கரியையும் போட்டு ஒரே தடவையில் வடிகட்ட நினைப்பது நேரத்தை மிச்சப்படுத்துவது போலத் தெரியும். ஆனால் கரியின் மேல் ஜிப்சம் படிந்து துளைகளை அடைக்கும், வடிகட்டித் துணியில் கல் போல இறுகும். எவ்வளவு கரி எவ்வளவு எடுத்தது என்ற கணக்கும் குழம்பிவிடும். வடிகட்டிய பிறகும் லிட்டருக்கு 2 கிராம் அளவில் ஜிப்சம் கரைந்தே இருக்கும். சாற்றைப் பின்னால் மறுபடி சுண்டவைத்தால் பாத்திரச் சுவரில் படியும் வெள்ளை அதுதான்.

பிறகு பாஸ்பாரிக் அமிலத்தால் பிஎச் 5.5-க்கு இறக்கி, லிட்டருக்கு 25 கிராம் கரி, 60 டிகிரி, நிமிடத்துக்கு 100 சுழற்சி, 30 நிமிடம். இது லொரேனா வழி. பிஎச் 5.5-இல் வனிலின் நன்றாக ஒட்டும், அதன் பிகேஏ 7.4. ஃபெருலிக், கூமாரிக் அமிலங்களின் கார்பாக்சில் தொகுதிக்குப் பிகேஏ சுமார் 4.6, எனவே 5.5-இல் அவை பெரும்பாலும் அயனி, ஒட்டுவது குறையும். உங்கள் சாற்றில் இந்த அமிலங்கள் மேலோங்கி இருந்தால் சமன்செய்வதற்கு முன்பே, பிஎச் 2-க்குக் கீழே இருக்கும்போதே, கரி போடுவது பலன் தரும். ஆனால் அந்த அமிலச் சாறு கரியின் சாம்பலிலிருந்து இரும்பையும் கால்சியத்தையும் இழுக்கும், பாத்திரத்தையும் அரிக்கும். கண்ணாடிப் பாத்திரமோ பாலிப்ரொப்பிலீன் தொட்டியோ இருந்தால் மட்டும் இந்த வழியில் போங்கள். கரியும் அமிலத்தில் கழுவிய ரகமாக இருக்கட்டும்.

வெப்பநிலை பற்றி ஒரு வார்த்தை. மூலக்கூறு கரியின் பரப்பில் ஒட்டும் பரப்புக் கவர்ச்சி வெப்பத்தை வெளிவிடும் நிகழ்வு, ஆகவே குளிரில்தான் கரி கூடுதலாகப் பிடிக்கும் என்று பாடம் சொல்கிறது. உண்மைதான். ஆனால் சுண்டிய சாற்றில் மூலக்கூறு துளைக்குள் ஊர்ந்து போகும் வேகமும் வடிகட்டும் வேகமும் சூட்டில்தான் வரும். 50 முதல் 60 டிகிரி நல்ல சமரசம்.

கரியை வாங்கும்போது அயோடின் எண்ணை (கரி பிடிக்கும் அயோடினின் அளவை) மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அயோடின் சின்ன மூலக்கூறு. அந்த எண் 2 நானோமீட்டருக்குக் கீழான நுண்துளைகளைத்தான் சொல்லும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் தாராளமாகக் கிடைக்கும் தேங்காய்ச் சிரட்டைக் கரி இந்த வகை. ஃபர்ஃபியூராலுக்கும் எச்எம்எஃப்புக்கும் அருமையாக இருக்கும். லிக்னினின் பெரிய துண்டுகளும் நிறப்பொருள்களும் அந்தத் துளைகளில் நுழையா, வாயிலிலேயே நின்று அடைக்கும். அவற்றுக்கு பாஸ்பாரிக் அமிலத்தில் செயலூட்டிய மரக்கரி வேண்டும். அதன் இடைத்துளைகள் அகலமானவை. பெரிய மூலக்கூறுகளைப் பிடிக்கும் திறனைக் காட்டும் மெத்திலீன் நீல எண்ணையும் மொலாசஸ் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். சர்க்கரை ஆலைகளுக்கு நிறம் நீக்க விற்கும் ரகம் இந்த வேலைக்குப் பொருந்துவது இதனால்தான். இரண்டையும் கலந்து போடுவதிலும் தவறில்லை. பைமேல் எழுதியிருக்கும் சாம்பல் அளவும் பிஎச்சும் முக்கியம். நீராவியில் செயலூட்டிய கரி பெரும்பாலும் காரத்தன்மை கொண்டது, சாற்றின் பிஎச்சைச் சத்தமில்லாமல் ஏற்றிவிடும். கரி போட்டு ஐந்து நிமிடம் கழித்து பிஎச்சை மறுபடி பார்ப்பது கட்டாயம்.

அளவைக் கண்டுபிடிக்க ஒரு நாள் போதும். கரியை 105 டிகிரியில் இரவு முழுவதும் உலர்த்தி, உலர்கலனில் ஆறவிட்டு, எடை போடுங்கள். திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தை இழுத்து எடை காட்டும். 250 மில்லி குடுவைகள் ஏழில் தலா 100 மில்லி சாறு. கரி 0, 0.5, 1, 1.5, 2, 3, 4 கிராம். எல்லாவற்றிலும் ஒரே பிஎச், ஒரே சூடு, 150 சுழற்சி, 60 நிமிடம். பூஜ்யம் போட்ட குடுவையையும் கலக்கி, சூடாக்கி, அதே வடிதாளில் வடிகட்ட வேண்டும். வடிதாளே கொஞ்சம் பிடிக்கும், சூட்டில் சில பொருள் படியும். அதையெல்லாம் கரியின் கணக்கில் எழுதக்கூடாது.

பிறகு அளவிடுதல். கண்ணுக்குச் சாறு தெளிந்துவிட்டது என்பதை நம்பவே கூடாது. நிறம் 420 நானோமீட்டரில், நச்சு வேறெங்கோ. ஃபர்ஃபியூரால் புற ஊதாவில் 277 நானோமீட்டர் அருகே உச்சம் காட்டும், எச்எம்எஃப் 284-இல். லிட்டருக்கு 1 கிராம் ஃபர்ஃபியூரால் இருந்தாலே அங்கே உட்கவர்தல் 100-ஐத் தாண்டும், ஆகவே 200 மடங்குக்குக் குறையாமல் நீர்க்கச் செய்யுங்கள். 284-இல் வரும் அளவிலிருந்து 320-இல் வருவதைக் கழித்தால் ஃபியூரான்களின் (ஃபர்ஃபியூரால், எச்எம்எஃப்) மொத்தத்துக்கு ஓரளவு நல்ல மதிப்பீடு கிடைக்கும். ஃபீனாலிக் மொத்தத்துக்கு ஃபோலின்-சியோகால்ட்டோ நிறச் சோதனை, 765 நானோமீட்டர். இதில் ஒடுக்கும் சர்க்கரைகளும் கொஞ்சம் நிறம் தரும். சாற்றில் சர்க்கரை அவ்வளவு இருக்கும்போது இதைப் புறக்கணிக்க முடியாது. அதே அளவு தூய சைலோஸ் கரைசலை வெற்று மாதிரியாக ஓட்டிக் கழியுங்கள். சர்க்கரைக்கும் அசிட்டிக் அமிலத்துக்கும் எச்பிஎல்சி என்ற திரவ நிறப்பிரிகை முறைதான்: ஹைட்ரஜன் வடிவ அயனிப் பரிமாற்றப் பத்தி, 5 மில்லிமோலார் கந்தக அமிலம், நிமிடத்துக்கு 0.6 மில்லி. ஃபர்ஃபியூரால் இந்தப் பத்தியில் மிகத் தாமதமாக வரும். ஓட்டத்தைச் சீக்கிரம் நிறுத்திவிட்டால் அடுத்த மாதிரியில் அது பேயாக எட்டிப்பார்க்கும். 0.45 மைக்ரான் வடிகட்டியைத் தாண்டாமல் ஒரு சொட்டும் பத்திக்குள் போகக்கூடாது, கரித்தூள் பத்தியைக் கொன்றுவிடும்.

எடுத்த அளவைக் கரியின் எடையால் வகுத்து, மீதியிருக்கும் செறிவுக்கு எதிரே இரண்டையும் மடக்கையில் வரைந்தால் ஃப்ராய்ன்ட்லிஷ் கோடு வரும். செறிவு குறையும் முனையில் கோடு செங்குத்தாகக் கீழே இறங்கினால் அதற்கு மேல் கரி வீண். மீதியிருப்பதைக் கரியால் பிடிக்க முடியாது என்று அர்த்தம்.

ஒரே தடவையில் கொட்டுவதைவிட இரண்டாகப் பிரித்துப் போடுவது எப்போதுமே லாபம். நேர்விகிதத்தில் ஒட்டும் பொருள் என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஒரே தடவையில் 20 சதவீதம் மிஞ்சும் இடத்தில் அதே கரியைச் சரிபாதியாக இரு முறை போட்டு, நடுவில் வடிகட்டினால் 11 சதவீதம்தான் மிஞ்சும். உண்மைச் சாற்றில் லாபம் இவ்வளவு வராது, ஆனால் வரும். இரண்டாம் சுற்றில் பயன்பட்ட கரியை எடுத்து அடுத்த தொகுதியின் முதல் சுற்றில் போடுவது இன்னும் சிக்கனம்: அழுக்குச் சாறு பழைய கரியைச் சந்திக்கும், பாதி தெளிந்த சாறு புதுக் கரியைச் சந்திக்கும்.

சர்க்கரை குறைந்தால் எல்லோரும் பரப்புக் கவர்ச்சியைத்தான் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி ஈரம். ஒரு கிராம் கரி ஒன்றரை மில்லி சாற்றைத் தன்னோடு வைத்துக்கொண்டால் 25 கிராம் கரி ஏறக்குறைய 37 மில்லியைக் கொண்டுபோகிறது, அதாவது ஒரு லிட்டர் சாற்றின் சர்க்கரையில் 3.7 சதவீதம். வடிகட்டியில் கரி பிளவுபடுவதற்குள், அந்த ஈரத்துக்குச் சமமான சுடுநீரை மெல்லத் தெளித்து இழுத்தால் பெரும்பகுதி திரும்பிவிடும். அதற்கு மேல் கழுவினால் ஒட்டிய ஃபியூரான்களும் கொஞ்சம் இறங்கும், சாறும் நீர்த்துப்போகும்.

வடிகட்டும்போது பொடிக்கரி முதலில் கசியும். டையட்டமைட் மண்ணைத் தண்ணீரில் கலக்கி வடிதாளின் மேல் மெல்லிய படுக்கையாக அமைத்துவிட்டு, முதல் பகுதி வடிநீரைத் தெளியும் வரை மறுபடி மேலேயே ஊற்றுங்கள். கசிந்த கரி நொதிகலனுக்குப் போனால் 600 நானோமீட்டரில் ஈஸ்ட் வளர்ந்துவிட்டதாகப் பொய்க் கணக்குக் காட்டும்.

ஊட்டச்சத்தைக் கரிக்கு முன்னால் சேர்க்கவே கூடாது. ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்டில் உள்ள வைட்டமின்களையும் கரி விழுங்கும். பயோட்டின் போனால் ஈஸ்ட் நின்றுவிடும், பழி ஈஸ்ட்டை முடக்கும் தடுப்பான்கள் மேல் விழும். செல்லுலோஸை உடைக்கச் சேர்க்கும் செல்லுலேஸ் என்சைமுக்கும் இதே விதி. கரி முழுவதும் வெளியேறிய பிறகே என்சைம்.

கிருமிநீக்கத்தில் செய்த வேலையைக் கெடுத்துக்கொள்வதும் உண்டு. தெளிந்த சாற்றை 121 டிகிரியில் அரை மணி வைத்தால் சர்க்கரை மறுபடி சிதைந்து புது ஃபியூரான் உண்டாகும். 0.22 மைக்ரான் சவ்வில் வடிகட்டுவது உத்தமம். முடியாவிட்டால் 0.5 அட்மாஸ்பியர் மிகை அழுத்தத்தில், அதாவது 111 டிகிரி அளவில், 15 நிமிடம் போதும். ஊட்டச்சத்துக் கரைசலைத் தனியாகக் கிருமிநீக்கம் செய்து பின்னால் சேருங்கள்.

கரி வேலை செய்ததா என்பதற்குக் கடைசிச் சாட்சி ஈஸ்ட்தான். மூன்று குடுவை: கரி போடாத சாறு, கரி போட்ட சாறு, அதே சர்க்கரை அளவில் தூய சர்க்கரைக் கரைசல். ஊட்டச்சத்தும் ஈஸ்ட் அளவும் ஒன்றே. கரி போட்டது தூய கரைசலை நெருங்கினால் நிறுத்துங்கள், மேலும் கரி வேண்டாம். தாமதமாகத் தொடங்கிப் பின்னர் வேகம் பிடித்தால் மிஞ்சியிருப்பது ஃபர்ஃபியூராலாக இருக்க வாய்ப்பு அதிகம். ஈஸ்ட் அதை ஃபர்ஃபியூரில் ஆல்கஹாலாக மாற்றிவிட்டுத்தான் வேலையில் இறங்கும். விதை ஈஸ்ட்டைக் கூட்டினாலே சரியாகிவிடும். தொடக்கம் முதல் முடிவு வரை மந்தமாகவே போனால் அசிட்டிக் அமிலத்தைச் சந்தேகியுங்கள், பிஎச்சைத் தொடுங்கள்.

பெரிய அளவில் குருணைக் கரியைப் பத்தியில் நிரப்பி ஓட்டுவோருக்கு: உலர்ந்த கரியை நேரடியாகக் கொட்டாதீர்கள். ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, துளைக்குள் இருக்கும் காற்று வெளியேறிய பிறகு, தண்ணீர் நிரம்பிய பத்தியில் நிரப்பி, கீழிருந்து மேலாகக் கழுவித் தூளை வெளியேற்றுங்கள். காற்று சிக்கினால் சாறு ஒரு பக்கமாகவே ஓடிவிடும். முதலில் தப்பி வெளிவருவது அசிட்டிக் அமிலம், பிறகு எச்எம்எஃப், பிறகு ஃபர்ஃபியூரால், கடைசியில் ஃபீனாலிக். நடுவில் ஒரு கட்டத்தில் வெளியே வரும் அசிட்டிக் அமிலம் உள்ளே போவதைவிட அதிகமாகக் காட்டும். கருவி கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். பின்னால் வரும் வலுவான மூலக்கூறுகள் அதை இருக்கையிலிருந்து தள்ளிவிடுகின்றன.

பாதுகாப்பில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஈரமான கரி காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். ஈரக்கரி கிடந்த மூடிய தொட்டிக்குள் ஆக்சிஜனை அளக்காமல் தலையை நீட்டக்கூடாது. பொடியைக் கொட்டும்போது முகமூடி, அருகில் தீப்பொறி கூடாது; முதலிலேயே தண்ணீரில் குழைத்துவிட்டால் தூசியும் இல்லை, சாற்றில் நுரையும் இல்லை.

தீர்ந்த பொடிக்கரியை மீட்பது பெரும்பாலும் கட்டுபடியாகாது. ஃபியூரானை எத்தனாலால் ஓரளவு கழுவலாம். ஃபீனாலிக் சேர்மங்கள் ஆக்சிஜன் இருக்கும்போது கரியின் மேலேயே ஒன்றோடொன்று இணைந்துவிடும், அவை கழுவலுக்கு அசையா. குருணைக் கரியை 800 டிகிரி அளவில் நீராவியில் மறுபடி செயலூட்டலாம். பொடியை உலர்த்திச் சக்கையோடு கொதிகலனில் எரிப்பதே நடைமுறை.

இதனால் பொருளாதாரக் கணக்கு தெளிவாகிவிடுகிறது. 1,000 லிட்டர் சாறு, லிட்டருக்கு 50 கிராம் சர்க்கரை. அதில் கோட்பாட்டளவில் கிடைக்கக்கூடிய உச்ச எத்தனால் 25.5 கிலோ. 2.5 சதவீதக் கரி என்றால் 25 கிலோ. ஒரு கிலோ எரிபொருளுக்கு ஒரு கிலோ கரி என்று யாரும் ஆலை நடத்த முடியாது. எரிபொருள் எத்தனாலுக்குக் கரி அரை சதவீதத்துக்குக் கீழ் இறங்க வேண்டும், அல்லது தடுப்பான்களைத் தாங்கும் ஈஸ்ட்டைப் பழக்க வேண்டும், அல்லது வேகவைக்கும் கட்டத்திலேயே சூட்டைக் குறைத்துச் சிதைவைத் தடுக்க வேண்டும். சைலிட்டால் வேறு கதை. விலை அதிகம், படிகமாக்க எப்படியும் நிறம் நீக்கியாக வேண்டும், அந்தக் கரிச் செலவின் ஒரு பகுதியை முன்கூட்டியே செய்வதாகக் கொள்ளலாம். உங்கள் குறிப்பேட்டில் கரியின் அளவைச் சதவீதமாக எழுதும் இடத்துக்குப் பக்கத்திலேயே, ஒரு கிலோ விளைபொருளுக்கு எத்தனை கிலோ கரி என்றும் ஒரு கட்டம் போட்டுவையுங்கள்.